பெஞ்சு சீட்டுக்கு ஏற்ற எஞ்சின்

ஹஃபீசா கணவரின் இடுப்பில் துணிப்பட்டையைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தில் அப்துல் மஜீதுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். பட்டையைத்தான் பிடிக்க வேண்டும். பராமரிப்புக்கு வரும் நான் சொன்னதில் எதையும் அவள் மறந்ததில்லை.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி முடித்தபோது, எஞ்சின் மாற்ற ஷெட்டில் விட்டிருந்த காரைக் காட்டி, செல்போனில் மெக்கானிக் ராசாங்கத்தின் வீடியோ வந்தது. பார்த்தவள் செருப்பைத் தேடினாள்.

“சாந்தாக்கா, பக்கத்து வூட்டு மலர்கொடிய இவருகிட்ட உக்காரச் சொல்லுங்க. வாங்க, பெரம்பலூர் போவணும்.”

மஜீது குவைத்திலிருந்து திரும்பி வாங்கிய அம்பாசிடர் அது. அந்நாளில் ஹஃபீசாவுக்குப் பின் சீட்டுதான். அவர் விழுந்த பிறகுதான் முன் சீட்டின் அருமை தெரிந்தது. கியர் ஸ்டீயரிங்கை ஒட்டி இருப்பதால், சீட்டு பெஞ்சு போல ஒரே நீளம். இடப்பக்கக் கதவில் அவரை நான் உட்காரவைப்பேன். அவள் டிரைவர் பக்கமிருந்து பட்டையை இழுப்பாள். அவர் உள்ளே நகர்ந்தால்தான் மடங்காத கால் கதவைத் தாண்டும். சிகிச்சைக்குப் போக வேறு வழியில்லை.

எஞ்சின் தேய்ந்து, மேடு வந்தால் வண்டி நின்றது. மாற்றத்தான் வேண்டும். எந்த எஞ்சினைப் போடுவது என்று துபாயிலிருக்கும் மகன் அப்துல் ஹாதி ஃபோனில் தீர்மானித்தான். எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் அதுதான் வழக்கம்: வெளிநாட்டில் இருப்பவன் சொல், வீட்டில் இருப்பவள் சுமை.

ஷெட்டில் பெஞ்சு சீட்டு மூலையில் கிடந்தது. காரின் தரையில் சாக்பீஸ் வட்டம்.

“யாரக் கேட்டு சீட்ட அவுத்த, ராசாங்கம்?”

“துபாய் தம்பி சொன்னாருங்கம்மா. அஞ்சு கியர் எஞ்சின். கியர் தரையில வரும், காலைல ஓட்ட போட்டுருவேன். முன்னால தனித்தனியா ரெண்டு சீட்டு. ஜெட்டு மாதிரி போவும்!”

“ஜெட்டுக்கு ஏணி இருக்கு. இவர ஏத்த எனக்கு அந்த சீட்டுதான் இருக்கு.”

ஸ்பீக்கரில் போட்டு ஹாதியை அழைத்தாள்.

“அம்மா, ஏசியும் போடலாம். அத்தா பின்னாடி சொகுசா உக்காரட்டும்.”

“பின் கதவுல அவரு காலு நொழையாதுடா. லீவுல வந்தப்ப எத்தன தடவ தூக்குன நீ?”

“அதான் ஆள் வச்சிருக்கோம்ல?”

“அந்த ஆளுக்கு அறுபத்தாறு வயசு. பக்கத்துலதான் நிக்கிது, கேட்டுக்கிட்டு.”

ஹாதி இணைப்பைத் துண்டித்தான்.

ஹஃபீசா சாக்பீஸ் வட்டத்தைச் செருப்பாலேயே அழித்தாள். “இந்த கியர் இருக்கற எடத்துலயே இருக்கணும். அதுக்கு எந்த எஞ்சின் சேரும்?”

“பழைய மாதிரி டீசல் எஞ்சின் ஒண்ணு சரிபண்ணி வச்சிருக்கேங்க. கிளட்ச் மட்டும் புதுசு போட்டா போதும். ஆனா வேகம் வராது. ஏசி இழுக்காது.”

“மேட்டுல நிக்காம போவுமா?”

“போவும்.”

“அதப் போடு.”

மறுநாள் காலை ஷெட் திறக்கும்போதே ஹஃபீசா வாசலில் நின்றாள். எஞ்சினைத் தொடவிடவில்லை, பெஞ்சு சீட்டை முதலில் மாட்டச் சொன்னாள். ராசாங்கத்தின் ஃபோன் அடித்தது. துபாய் எண்.

“அப்பறம் பேசலாம். போல்ட்ட முறுக்கு” என்றாள்.

கடைசி போல்ட் இறுகியதும், ஏறி உட்கார்ந்து, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை ஒருமுறை நகர்ந்து பார்த்தாள்.