உள்பக்கம் மடித்த இலை

1. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் விடுதி அறையில் தோழிக்கு வயிற்றுவலி வந்தது.
2. நான் மட்டும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன்.
3. தனியாக உட்கார்ந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டேன்.
4. இலையை உள்பக்கமாக மடித்துப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. ஓரத்தில் ரசம் கசிந்த ஒரு பச்சை இலை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரான தைப்பிங்கிலிருந்து இருவரும் கோலாலம்பூருக்கு வந்திருந்தோம். பொறியியல் தேர்வு முடிந்த விடுமுறை. மோட்டாரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த எனக்குத் தனியாக ஒரு கடைக்குள் நுழைந்து சாப்பிடத் தெரியாது. வீட்டில் அப்பா, வெளியே அவள். டிக்கெட் எடுப்பதும் வழி கேட்பதும் அவள்தான். நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். அதனாலேயே என்னைப் பாப்பா என்று கூப்பிடுவாள்.

அன்று காலை கட்டிலில் சுருண்டு படுத்திருந்தவள், "வயிறு வலிக்குது. நீ மட்டும் கிள்ளானுக்குப் போய்ட்டு வா பாப்பா. சாப்பிட்டு முடிச்சு இலைய உன் பக்கமா மடிச்சு போட்டோ அனுப்பு, அப்பதான் நம்புவேன்" என்றாள். அவளுக்கு ஒரு ரொட்டி வாங்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ரயிலில் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். கிள்ளானில் இறங்கியதும் பூக்கடைகளும் புடவைக்கடைகளும் இருந்த தெருவில் இரண்டுமுறை நடந்தேன். சாப்பாட்டுக் கடை அண்ணன், "எத்தன பேரு மா?" என்று கேட்டார். பழக்கத்தில் "ரெண்டு" என்றேன். அவர் இரண்டு இலை விரித்தார். பிறகுதான் "ஒருத்தர்தான் அண்ணே" என்று சொல்ல வாய் வந்தது. "அதுக்கு ஏன் மா முழிக்கிற? உக்காரு லா" என்று சிரித்தபடி ஓர் இலையை எடுத்துக்கொண்டார். முதல் கவளத்தைத் தலை நிமிராமல் சாப்பிட்டேன். பிறகு மீன்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

படத்துக்கு உடனே பதில் வந்தது: "பாப்பா பெரிய மனுஷி ஆயிட்டா! சடங்கு வைக்கணும்."

திரும்பி வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள். "நடிச்சேன் லா. இல்லன்னா நீ எங்க கிளம்பப் போற?" என்றாள். தலையணையால் அவளை அடித்தேன். மேசையில் ரொட்டி பிரிக்கப்படாமல் கிடந்தது. அதைப் பார்த்தேன். ஆனால் என் கதையைச் சொல்லும் அவசரத்தில் இருந்தேன். அவளும் நிலையம் நிலையமாகக் கேட்டாள்.

அவள் நடிக்கவில்லை. வயிற்றில் கட்டி அப்போதே வளர்ந்திருந்தது என்று பிறகு மருத்துவர் சொன்னார். அடுத்த தீபாவளிக்கு அவள் இல்லை.

கருமாதிச் சாப்பாட்டில் என் கை தானாக இலையை உள்பக்கம் மடித்துவிட்டது. சாவு வீட்டில் அப்படி மடிக்கக் கூடாது, துக்கம் திரும்பி வருமாம். பக்கத்து ஆன்டி, "ஐயோ, என்ன மா இது?" என்று பதறினார். தோழியின் அம்மா என் பக்கம் வந்தார். குனிந்து, என் இலையைப் பிரித்து, வெளிப்பக்கமாக மடித்துவிட்டு அடுத்த வரிசைக்கு நடந்தார்.

இப்போது போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். கிள்ளானில் தனியாக வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கடைக்குப் போகிறேன். அண்ணன் எத்தனை பேர் என்று கேட்பதில்லை, ஓர் இலை விரிக்கிறார். சாப்பிட்டு, உள்பக்கமாக மடிக்கிறேன். படம் எடுப்பதில்லை.