எட்டு சிலிண்டரும் ஒரு கிடாரம் சாம்பாரும்

எங்கள் பழைய வேன் சிட்னியின் செவன் ஹில்ஸ் சந்தியில் உயிரை விட்டது 2011இல். வீட்டுக் குசினியில் சமைத்து விற்கத் தொடங்கியிருந்த எனக்கு முதல் பெரிய ஓடர் கிடைத்திருந்த நேரம் அது. அடுத்த சனிக்கிழமை கலியாணம். மண்டபமோ ஒரு மேட்டின் உச்சியில். கிடாரம் கிடாரமாகச் சாம்பாரை அங்கே சிந்தாமல் சேர்த்தால் பிழைத்தோம். சிந்தினால், சிட்னித் தமிழரின் வாயில் விழுந்து எழும்ப முடியாது.

"பின்னுக்குச் சாமான் ஏத்துற திறந்த தட்டு வைச்ச யூட் ஒண்டு வாங்குவம்" என்றார் என் கணவர். சரி என்றேன். ஆனால் அவர் மனத்தில் உறுமிக்கொண்டிருந்தது எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். எனக்கோ என் தங்கையின் ஹைபிரிட் கார் மாதிரி, பெட்ரோலும் மின்சாரமுமாகச் சத்தமில்லாமல் போகிற ஒன்று வேண்டும்.

பழைய வாகனங்கள் விற்கும் இடத்தில் இருந்தவர் தஞ்சாவூர்க்காரர். "ஹைபிரிட்ல யூட்டா? அமெரிக்காவுல பெரிய பிக்கப்ல வந்திருக்கு மேடம். இங்க இன்னும் வரலை. டீசல் பாருங்களேன்" என்றார்.

"டீசலோ? டிராக்டர் மாதிரிக் கத்தும்" என்று இவர் முகத்தைச் சுளித்தார்.

"கத்தட்டும். எதிலை சாம்பார் சிந்தாதோ, அதை வாங்குவம்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் தங்கையின் காரில் உண்மையாகவே ஒரு கிடாரம் சாம்பாரோடு அங்கே போய் இறங்கினேன். சிரிப்பு நின்றுவிட்டது. "சோதிக்கிறதுக்குத் தண்ணி காணாதோ?" என்று இவர் மெல்லக் கேட்டார். தண்ணீருக்கும் சாம்பாருக்கும் ஒரே குணமா? நல்ல கதை!

முதலில் எட்டு சிலிண்டர். கிடாரத்தைப் பின் தட்டில் கட்டி, சுற்றிவர வெள்ளைத் துவாய் விரித்து, மூடியைக் கழற்றினேன். இவர் வண்டி ஓடினார் பாருங்கள், ஐயோ! பிள்ளைத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு போகிறவர் மாதிரி மெல்ல மெல்ல. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் துவாயில் ஒரு சொட்டுக்கூட இல்லை. போச்சு, இதைத்தான் வாங்கப்போகிறோம் என்று எனக்குப் பகீரென்றது.

அடுத்தது டீசல். கடகடவென்று சத்தம்தான், ஆனால் மேட்டில் அவசரப்படாமல் பலமாக இழுத்தது. கொஞ்ச நேரத்தில் இவர் சாம்பாரையே மறந்து கிரிக்கெட் கதை சொல்லத் தொடங்கிவிட்டார். துவாய் அப்போதும் வெள்ளைதான்.

எஞ்சினை நிறுத்தினார். பிறகு, "இதையே எடுப்பம்" என்றார்.

"ஏனப்பா, மற்றதிலையும் சிந்தேல்லையே?"

"அப்பிடி உருட்டுறதுக்கு எட்டு சிலிண்டர் என்னத்துக்கு? எனக்கு வேர்த்துக் கொட்டிப்போச்சு. நீரும் ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து பின்னுக்குத் திரும்பிப் பாப்பீர்."

எனக்கு அந்த மனுசன்மேல் அன்பு பொங்கிவிட்டது. அந்த டீசலில்தான் சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனோம்; ஒன்றும் சிந்தவில்லை. ஆனால் அதற்கு முன், அன்றைக்கு வாகனம் விற்கும் இடத்திலேயே ஒரு வேலை பார்த்தேன். சாம்பாரை அங்கிருந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தேன். நான் கொண்டுபோன பாணைப் பிய்த்து, தொட்டுத் தொட்டுத் தின்று முடித்தார்கள். கிடாரம் காலியானதும் தஞ்சாவூர்க்காரரிடம் எட்டு சிலிண்டரின் சாவியைத் திரும்ப வாங்கி இவரிடம் நீட்டினேன்.

"இப்ப ஒருக்கா ஆசை தீர வடிவா ஓடிக் காட்டுங்கோ பாப்பம்."

ஆக்சிலரேட்டரை அழுத்தினார். என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. அம்மாடி என்று கத்தினேன். சந்தி வரை போய்த் திரும்பியதும் இவர் பெருமூச்சு விட்டு, "ஓடினது காணும், சாவியைக் குடுத்திடுவம்" என்றார்.

"என்ன அவசரம்?" என்றேன். "இன்னொருக்காப் போவம்."