ஆடிக்கு மட்டும் மாத்திரை வேண்டாம்

மனநல ஆலோசகர் வேலை என்பது, வந்தவர் துயரத்தை முழுசாகக் கேட்டுவிட்டு அதற்கு இரண்டு வார்த்தையில் பெயர் வைக்க உதவுகிற வேலை. உத்திரமேரூர்ப் பக்கம் நான் இதைத்தான் செய்கிறேன். சிரிக்காதீர்கள், தூக்கம் வராமல் ஒருநாள் எங்களிடம் வந்தால் உங்களுக்கும் ஒரு பெயர் தயாராக இருக்கும்.

ஐப்பசியில் வந்தவள்

சாலவாக்கத்துக்கு அந்தாண்டையிலிருந்து வசந்தாவை அவள் கணவர் ஏழுமலை டவுன் பஸ்ஸில் கூட்டி வந்தார். நடவு வேலைக்குப் போகிறவள். வருஷா வருஷம் ஆடித் திருவிழாவில் அவள் மேல் அம்மன் வரும். ஊரே காலில் விழுந்து குறி கேட்கும். அந்த வருஷம் வந்த அம்மன் போகவில்லை. ஐப்பசி மழையில் வயல் நடுவே நின்று பேசிக்கொண்டே இருந்தாள். சோறு தண்ணி இல்லை.

“இந்த நோய் எப்போ ஆரம்பிச்சுது?” என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ஏழுமலை திருப்பிக் கேட்டார்.

“ஆடியில வந்தா சாமின்னு கூழு ஊத்தறோம். ஐப்பசியில வந்தா சீக்குன்றீங்க. நடுவுல எந்த நாள்ல மாறிச்சு மேடம்?”

திருவிழாக்காரரின் வேண்டுகோள்

எங்கள் டாக்டர் ஒரு பெயர் எழுதி மாத்திரை கொடுத்தார். வசந்தா தூங்கினாள், சாப்பிட்டாள், களை எடுக்கப் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஆடி பிறந்ததும் அவள் ஊரில் திருவிழா நடத்துகிற ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்த முடியுமா என்றார். நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்று எச்சரித்தேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

“அதான் மேடம் நாங்களும் கேக்கறோம்! திருவிழா முடியிற வரைக்கும் நிறுத்துங்க, அப்பறம் நீங்களே குடுத்துக்கினு இருங்க!”

வேறொருத்தி மேல்

முடியாது என்றோம். அம்மன் வேறொருத்தி மேல் வந்தது.

அடுத்த முறை மாத்திரைக்கு வசந்தா தனியாக வந்தாள். முன்பு அவள் கையால் விபூதி வாங்கிப் பூசிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி, இப்போது தன் குழந்தையை அவள் தொடக்கூட விடுவதில்லையாம். உனக்குக் குணமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டாள்.

“அப்போ சாமின்னு கும்புட்டாங்க. இப்போ பைத்தியம்னு ஒதுங்கிப் போறாங்க. நான் வசந்தாவா எப்போ மேடம் இருந்தேன்?”

ஊரார் துயரத்துக்கெல்லாம் பெயர் தேடித் தருகிற எனக்கு, அன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான்: “வசந்தா, உட்காரும்மா.”