கற்பகம் அக்காவின் நெற்றிக்காசு

கற்பகம் அக்கா இறந்த செய்தி, ஷிஃப்ட் போடும் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்குக் கீழேயே ஒருவர் கேட்டிருந்தார்: அவருடைய சனிக்கிழமை ஷிஃப்டை யார் எடுப்பது? அக்கா இருந்திருந்தால் அவரே எடுத்திருப்பார்.

பிழைக்க வந்த நாட்டில், பாட்டனி டவுன்ஸ் கடை கவுன்டரில் அவரோடு நின்ற எங்களுக்கு அவரைத் தெரியும். திருச்சியில் உலோகவியல் படித்தவர். ஒருநாள் பத்து சென்ட்டுகளுக்கு நடுவே தாய்லாந்துக் காசு ஒன்று வந்துவிட்டது. இருபத்தைந்து சதாங். சிறியது, செம்பு நிறம். வரிசையில் எட்டுப் பேர். அக்கா நிதானமாகப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார்.

“பாரு, ஒட்டுது. உள்ள ஸ்டீல், மேல செம்பு முலாம். நம்ம பத்து சென்ட்டும் இதே கதைதான். பழைய சதாங்னா அலுமினிய வெண்கலம், ஒட்டாது.”

“மனுசங்க மாதிரி, இல்லக்கா? மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு.”

“இதுக்குத்தான் உன்னைக் கவிதை எழுதாதேங்கறேன். காசு காசுதான். பில்லைப் போடு.”

செல்லாத காசு கல்லாவில் கிடக்கக்கூடாது என்று என்னிடம் தந்தார். போன் உறைக்குள் போட்டுவைத்தேன்.

இறுதிச் சடங்கு மங்கரே மயானத்தில். நெற்றியில் சந்தனம் வைத்தாயிற்று. மேலே ஒட்டக் காசு வேண்டும். அவர் கணவர் ராமநாதன் சார் சட்டைப்பையைத் தடவினார். எல்லோரும் தடவினோம். கார்டு. கார்டு. கார்டு.

“இத்தன பேர்ல ஒருத்தர்கிட்டயும் ஒரு காசு இல்லையா? அவளை இப்படியேவா அனுப்பறது?” என்றார் சார்.

“பொறுங்கோ அண்ணை, காருக்கை பாத்திட்டு வாறன்” என்று ஓடினார் எங்களோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துச் சிவா. பார்க்கிங் ரசீதோடு திரும்பினார்.

நான் சதாங்கை நீட்டினேன்.

“தாய்லாந்துக் காசா? போற இடத்துல செல்லுமா?” என்றார் அக்காவின் நாத்தனார்.

“இந்தியக் காசு மட்டும் செல்லுமாக்கும்?” என்றார் ராமநாதன் சார்.

அடுத்த சிக்கல், எந்தப் பக்கம்? ஒரு பக்கம் மன்னர், மறுபக்கம் பௌத்தத் தூபி. கோயில்தானே என்று தூபிக்கு முடிவானது. இரண்டு கிராம்கூட இல்லாத காசு. ஒட்டிக்கொண்டது.

தகனத்துக்கு முன் எடுக்கும் காசு மயான ஊழியருக்குச் சேர வேண்டும். இங்கே அந்த ஊழியர் கறுப்புக் கோட் அணிந்த ஓர் இளம்பெண். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எந்த நாட்டுக் காசு என்று கேட்டாள்.

ராமநாதன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆங்கிலத்தில் தொடங்கினார். எஃகு, முலாம், பழைய வெண்கலம், பதினாறு மில்லிமீட்டர் விட்டம். இத்தனை வருடம் சாப்பாட்டு மேசையில் அக்கா இதையெல்லாம் சொல்லச் சொல்ல டிவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தாள். யாரும் அவரை நிறுத்தவில்லை.

அக்காவால் எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எங்கே போனாலும் பையில் ஒரு காசு வைத்துக்கொள்கிறேன். யாருக்காவது தேவைப்படும்.