குசினி ரீவி

வட்டக்கச்சி வீட்டில் விறாந்தை, அறை, குசினி என்று மூன்று ரீவிகளுக்கும் ஒரே டிஷ் பெட்டியிலிருந்து வயர் இழுக்க வந்தவர் கேட்டார்: "எல்லாத்திலயும் ஒரே படம்தான் வரும் அண்ணை, பரவாயில்லையோ?"

முந்தி, சண்டைக் காலத்தில், ஷெல் விழுந்து அக்கா செத்த பிறகு, அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த ரீவி எங்களிடமே திரும்பி வந்தது. அப்பா அதைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, விறாந்தையில் இருந்த வீடியோ டெக்கிலிருந்து வயர் இழுத்தார். வளவுக் கோடியில் ஜெனரேட்டர் மண்ணெண்ணெய் மணக்க ஓடும். அக்காவின் கலியாண வீடியோவை விறாந்தையில் அப்பாவும் குசினியில் அம்மாவும் பார்ப்பார்கள். ஒருவர் முன் மற்றவர் அழமாட்டார்.

அக்கா திரும்பிச் சிரிக்கும் இடத்தில் குசினியிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "அதில கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

அப்பா நிறுத்துவார். படத்தோடு மேளச் சத்தமும் நின்றுவிடும். அப்போதுதான் இரண்டு பக்கமும் அழுவது கேட்கும்.

"பரவாயில்லை" என்றேன் வயர் இழுக்க வந்தவரிடம். "குசினிக்கு மட்டும் இழுக்க வேண்டாம்."