உள்பக்கத் தாழ்ப்பாள்

என் அக்கா புருஷனைத் தெருவே "தாழ்ப்பாள் மாமா" என்றுதான் கூப்பிடும். அவர் கோபப்படமாட்டார், எனக்குத்தான் வரும். வீட்டுக் கதவுகளில் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வெளிப்பக்கம் ஒன்று மாட்டுவது அவருடைய உத்தியோகம். நான்கு திருகாணி, ஓட்டைகளை அடைக்கக் கொஞ்சம் பட்டி, மேலே உப்புத்தாள் தேய்ப்பு. பதினோரு வருஷத்தில் ஊரையே முடித்துவிட்டார்.

எந்தக் கதவையும் உள்ளிருந்து பூட்டக்கூடாது என்று சட்டம் வந்தபோது நான் வாய் கிழியப் பேசியவன். ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு பெண்டாட்டியை அறைக்குள் வைத்து அடிக்கிறவன் எவனும் இல்லை. போன வருஷம் அக்கா பின்னறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ஆள் விழுந்தால் காட்டிக்கொடுக்கச் சுவரில் மாட்டியிருக்கும் கருவி மணியடிக்க, எங்கள் வார்டுக்கென்று இருக்கும் நர்ஸ் நான்கே நிமிஷத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். தாழ்ப்பாள் இருந்திருந்தால் எனக்கு இன்று அக்கா இல்லை.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை வார்டிலிருந்து யாராவது அவளை எட்டிப் பார்க்கிறார்கள். குளிக்கும்போது வருவார்கள், உடை மாற்றும்போது வருவார்கள். அழுதால் கூடுதலாக ஒருவர் வருவார். எல்லாரும் நல்லவர்கள். திட்டக்கூட முடியாது, அதுதான் கொடுமை.

ஒரு நாள் சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "பின் ரூமுக்கு உள்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்க."

மாமா தட்டிலிருந்து கையை எடுத்தார். "மறுபடியும் விழுந்தா?"

"விழுந்தா விழுந்தேன்."

"எனக்கு நீ வேணும்டி."

"எனக்கும் நான் கொஞ்சம் வேணும்ங்க."

மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு பேருமே பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். நான் மதில்மேல் பூனை. அவள் முகத்தைப் பார்த்தால் அவள் சொல்வது நியாயம்; அவள் தரையில் கிடந்த கோலத்தை நினைத்தால் மாமா சொல்வது நியாயம்.

நான்காம் நாள் மாமா கிடங்கில் உருக்குவதற்குப் போட்டிருந்த குவியலிலிருந்து ஒரு தாழ்ப்பாளைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்துவந்தார். தெரிந்தால் வேலை போய்விடும். மயிரிழை பிசகாமல் மட்டம் பார்த்துப் பொருத்திவிட்டு, பெருமையாக அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா கதவைப் பார்த்தாள். "என்னங்க, இதையும் வெளிப்பக்கமே போட்டிருக்கீங்க? என்னை உள்ள வெச்சுப் பூட்டவா?"

கை பழகிய வழியில் போயிருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. திருப்புளியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தார். கழற்றி, உள்பக்கம் போட்டார்.

அக்கா உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்துக்கு மேல் மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் யாரும் கதவு தட்டி வெகுகாலம் ஆகிவிட்டது. எந்த விரலால் தட்டுவது என்று கையை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் தட்டினார்.

"யாரு?"

"நான்தான். உள்ள வரலாமா?"

உள்ளே கொஞ்சம் யோசனை நடந்தது.

"இப்ப வேண்டாங்க."

"சரிம்மா" என்று மாமா கதவோரம் உட்கார்ந்தார். அவள் இருமும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கதவை மட்டும் தொடவில்லை.