மூன்று தட்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. இது நடந்தது. என் மனைவியின் தங்கைக்கு, பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு ராத்திரி டியூட்டி மட்டும்தான் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

அவள் ஏசி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் வேலை. அந்த வருடம் சேர்ந்தவர்களில் ஒரே பெண். வாய்த்துடுக்கு அதிகம், பயம் மருந்துக்கும் கிடையாது. "வீட்டு ஃப்ரிட்ஜ் கதவையே ஒழுங்காச் சாத்த மாட்டே, உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று அக்கா கேட்டால், "சாத்துறது உன் வேலை, கழட்டிப் பாக்குறது என் வேலை" என்பாள்.

அன்று அவர்கள் போனது ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு. காலியாகக் கிடந்த ஓர் அறை குளிரவில்லை. கூடப் போனவர் மூத்த மெக்கானிக். எல்லோருக்கும் அவர் 'கேஸ் அண்ணன்'. அந்த அறையின் கம்ப்ரஸர் மொட்டைமாடியில் இருந்தது. ஃபேன் அறைக்குள், கூரையை ஒட்டி. இரண்டையும் சேர்ப்பது ஒரு செப்புக்குழாய். சுவர் தடிமன் என்பதால் உள்ளே ஃபோன் எடுக்காது. அதனால் ஸ்பேனரால் குழாயைத் தட்டித்தான் மேலேயும் கீழேயும் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் மெஷினை ஓட விடு. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் வேலை முடிந்தது, வெளியே வருகிறேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. உள்ளே போகிறவர் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் போக வேண்டும். கதவு திறந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இவள் ஒரு கையில் ஏணியும் மறு கையில் பையுமாகப் போனவள், கட்டையைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அது சரியாக உட்கார்ந்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஏணியில் ஏறி ஃபேன் மூடியின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது...

டப்!

கதவு மூடிக்கொண்டது. அவள் பதறவில்லை. உள்ளேயிருந்து திறக்கக் கதவில் ஒரு குமிழ் இருந்தது. தள்ளினாள், அசையவில்லை. திருகினாள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

கதவுக்கு மேலே, அறையின் சூட்டைக் காட்டும் சிவப்பு எண்கள். 22 டிகிரி. அண்ணன் வராமலா போய்விடுவார் என்று மறுபடி ஏணியில் ஏறினாள்.

விர்ர்ர்... ஃபேன் ஓட ஆரம்பித்தது.

"இவரு எதுக்கு இப்போ ஓட விடுறாரு?" என்று முணுமுணுத்தபடி குழாயை இரண்டு முறை தட்டினாள். நிறுத்து.

பதில் வந்தது.

டங்.

ஒன்று. ஓட விடு.

"அண்ணே! விளையாடாதீங்க!" என்று கத்தினாள். மறுபடி இரண்டு தட்டினாள், பலமாக.

டங்.

ஃபேன் வேகமெடுத்தது. எண் 9. பிறகு 0. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. மாடியில் தட்டினால் சத்தம் மேலேயிருந்து வர வேண்டும். இது எதிர்ச் சுவரின் அடியிலிருந்து வந்தது. அங்கே குழாயே கிடையாது.

மைனஸ் 8.

விளக்கு அணைந்தது. சிவப்பு எண்கள் மட்டும் எரிந்தன. தட்டுத் தடுமாறி இறங்கி ஓடிவந்து கதவை அடித்தாள். அழுதாள். "செத்தே போயிருவேன்னு நெனச்சேன் மாமா" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

அவள் ஸ்பேனரை உயர்த்தவே இல்லை. ஆனாலும்...

டங்.

இன்னும் கிட்டத்தில்.

டங்.

மைனஸ் 19. விரல்கள் ஸ்பேனரோடு ஒட்டிக்கொண்டன. சொல்வதற்கு ஒன்றுதான் பாக்கியிருந்தது. கதவின் இரும்பிலேயே தட்டினாள்.

டங். டங். டங்.

வேலை முடிந்தது. வெளியே வருகிறேன்.

ஃபேன் நின்றது.

ஒரு சத்தமும் இல்லை...

பிறகு, அவள் காதருகே, அதே கதவில்...

டங்.

டங்.

டங்.

கதவு திறந்தது. வெளியே கேஸ் அண்ணன். அவள் அப்படியே வெளிச்சத்தில் போய் விழுந்தாள். விழுந்தவளின் தோளை உரசிக்கொண்டு சில்லென்று ஏதோ கடந்து போனது. உள்ளேயிருந்த குளிர்க் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் விரல் நுனிகளைப் பார்த்த டாக்டர், கடுங்குளிரில் உறைந்த விரல்கள் என்றார். கேஸ் அண்ணன் கட்டிலருகே பேயறைந்த மாதிரி நின்றார்.

"கதவு சாத்தியிருந்துச்சு. நீ வெளிய வந்துட்டேன்னுதான்மா நெனச்சேன். மேல கம்ப்ரஸர் எரிஞ்சு போயிருந்துச்சு. குழாயை வெட்டி ரெண்டு முனையையும் அடைச்சுட்டு, புதுசு வாங்கக் கடைக்குப் போயிட்டேன். மெயினையும் அணைச்சுப் பூட்டிட்டுத்தான் போனேன். சாவி இதோ, என் பையிலதான் இருக்கு."

"அப்ப ஃபேன் எப்படிண்ணே ஓடுச்சு? எனக்குப் பதிலுக்குத் தட்டினது யாரு?"

"நான் எதையும் தட்டலைம்மா. உன்னைக் காணோமேன்னு தேடி வந்து திறந்தப்போ உள்ள புழுக்கமா இருந்துச்சு. இருபத்திரண்டு டிகிரி" என்று மட்டும் சொன்னார்.

அப்படியானால் அவள் தோளை உரசிப் போனது அந்த அறையின் காற்று இல்லை.

இனி யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, அன்று கட்டையை அவரே இறுக்கிச் செருகியிருக்கிறார். சாயங்காலம் வரை அந்தக் கதவு, எது வேண்டுமானாலும் போகலாம், வரலாம் என்பது போலத் திறந்தே கிடந்ததாம். எனக்கு அதைக் கேட்டதிலிருந்துதான் தூக்கம் போனது. அவள் தட்டிய மூன்றுக்குப் பதிலாக வந்ததும் மூன்றுதானே.

வேலை முடிந்தது. வெளியே வருகிறேன்.